அஸ்வானுக்கும் ஜெருசலேமுக்கும் நடுவே: 1974 படைவிலகல் ஒப்பந்தங்களில் ஒரு வெளியுறவு அமைச்சரின் வேலை

எகிப்தும் சிரியாவும் இஸ்ரேலோடு போரிட்ட 1973 அக்டோபரின் கடைசி வாரத்தில் சூயஸ் கால்வாயின் இரு கரையிலும் நின்ற படைகளை வரைபடத்தில் குறித்துப் பார்த்தால், எது யாருடைய வெற்றி என்று சொல்ல முடியாது. எகிப்தின் இரண்டாம் படையும் மூன்றாம் படையும் கால்வாயைக் கடந்து கிழக்குக் கரையில் இருந்தன. இஸ்ரேலியப் படையோ அவற்றின் நடுவே புகுந்து மேற்குக் கரைக்குப் போய், கெய்ரோ–சூயஸ் சாலையை வெட்டி, மூன்றாம் படையின் 20,000-க்கும் மேற்பட்ட வீரர்களையும் சூயஸ் நகரத்தையும் சுற்றி வளைத்திருந்தது. ஒவ்வொரு தரப்பின் கழுத்திலும் மற்றதன் கை. போர் நிறுத்தம் அறிவித்தாயிற்று. ஆனால் அந்த நிலையில் நின்றுகொண்டே இருக்க இருவராலும் முடியாது. எகிப்துக்கு மூன்றாம் படையின் குடிநீர் பிரச்சினை. இஸ்ரேலுக்கு, வேலைக்கும் வயலுக்கும் திரும்ப வேண்டிய ரிசர்வ் வீரர்களை மாதக்கணக்கில் களத்தில் வைத்திருக்கும் செலவு.

இந்த முடிச்சை அவிழ்க்கும் வேலை அமெரிக்க வெளியுறவு அமைச்சர் ஹென்றி கிசிங்கரிடம் வந்தது. 1974 ஜனவரியில் எகிப்து–இஸ்ரேல், மே மாதம் சிரியா–இஸ்ரேல், 1975 செப்டம்பரில் மீண்டும் எகிப்து–இஸ்ரேல் என மூன்று ஒப்பந்தங்கள். நடுவில் ஒரு பெரிய தோல்வி. இவற்றைக் கிசிங்கரின் சாமர்த்தியக் கதைகளாகச் சொல்வதுதான் வழக்கம். சாமர்த்தியம் இருந்தது, மறுப்பதற்கில்லை. ஆனால் ஒப்பந்தங்களைத் தாங்கி நிறுத்தியது அவற்றின் கட்டமைப்பு: பகைவர்கள் ஒருவருக்கொருவர் வாக்குக் கொடுக்கவில்லை, நடுவில் நின்ற அமைச்சரிடம் கொடுத்தார்கள். எந்த நாட்டின் வெளியுறவு அமைச்சருக்கு அந்த வாக்குகளை வாங்கிவைக்கும் தகுதி இருக்கும், அதற்கு அந்த நாடு என்ன விலை கொடுக்கும் என்பதே இந்த ஆய்வின் பொருள்.

பதவி

அமெரிக்க வெளியுறவுத் துறை 1789 ஜூலையில் தொடங்கப்பட்டு, அதே செப்டம்பரில் இன்றைய பெயரைப் பெற்றது. பெயர் மாறியதற்குக் காரணம், அயல்நாட்டு விவகாரங்களோடு உள்நாட்டு வேலைகளும் அதன் தலையில் விழுந்ததுதான். நாட்டின் பெரிய முத்திரையைக் காப்பது, சட்டங்களை அச்சிட்டு வெளியிடுவது, காப்புரிமை வழங்குவது எல்லாம் அதனிடம் வந்தன. 1790 மார்ச்சில் பொறுப்பேற்ற தாமஸ் ஜெஃபர்சனிடம் இருந்தது ஒரு கைப்பிடி எழுத்தர்கள் மட்டுமே. ஜெஃபர்சன் உட்பட ஆறு வெளியுறவு அமைச்சர்கள் பின்னாளில் அதிபரானார்கள்; ஆறு பேரும் உள்நாட்டுப் போருக்கு முந்தியவர்கள், கடைசி ஆள் ஜேம்ஸ் புகானன். பதவியில் இருக்கும்போதே கடல் கடந்து பயணம் போன முதல் அமைச்சர் வில்லியம் சீவர்ட், 1866-இல். முக்கால் நூற்றாண்டுக்கு மேல் இந்தப் பதவி மேசையில் உட்கார்ந்து தூதர்களுக்குக் கடிதம் எழுதும் பதவியாகவே இருந்திருக்கிறது.

பழைய கடமைகளில் சில இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. பதவி விலகும் அதிபர் தன் கடிதத்தை வெளியுறவு அமைச்சரின் அலுவலகத்தில்தான் தர வேண்டும் என்பது சட்டம். 1974 ஆகஸ்ட் 9 அன்று நிக்சனின் ஒற்றை வரிக் கடிதம் கிசிங்கருக்கு முகவரியிடப்பட்டதும், காலை 11.35 என்று நேரம் குறித்து அவர் சுருக்கொப்பமிட்டதும் அதனால்தான். அதிபர் பதவிக்கான வாரிசு வரிசையில் வெளியுறவு அமைச்சர் நான்காமவர். ஆனால் பிறப்பால் அமெரிக்கக் குடிமகனாக இருப்பவரே அதிபராகலாம் என்பதால், ஜெர்மனியில் பிறந்த கிசிங்கரை அந்த வரிசை தாண்டிப் போய்விடும்.

இருபதாம் நூற்றாண்டில் இந்தப் பதவிக்கு ஒரு போட்டியாளர் முளைத்தார். 1947-இல் தேசியப் பாதுகாப்புக் குழு சட்டப்படி உருவானது. சில ஆண்டுகளில் அதற்கென வெள்ளை மாளிகையிலேயே ஓர் ஆலோசகர் அமர்ந்தார். அவருக்குச் செனட் ஒப்புதல் தேவையில்லை, துறை இல்லை, தூதரகங்கள் இல்லை. அதிபரின் காது மட்டும் உண்டு. நிக்சன் காலத்தில் அந்த ஆலோசகர் கிசிங்கர். 1971 ஜூலையில் அவர் பாகிஸ்தான் வழியாக ரகசியமாகப் பீஜிங் போய் வந்தபோது, அன்றைய வெளியுறவு அமைச்சர் வில்லியம் ராஜர்ஸ் அந்தப் பயணத்தின் ஏற்பாட்டில் இல்லை. பெயரளவில் தலைமை ராஜதந்திரி ஒருவர், உண்மையில் வேறொருவர் என்ற நிலை நான்கரை ஆண்டு நீடித்தது. அயல்நாட்டுத் தூதர்கள் இதைச் சீக்கிரமே மோப்பம் பிடித்தார்கள். வெளியுறவுத் துறையின் வாசலைத் தட்டுவதை விட்டு நேரே வெள்ளை மாளிகைக்குப் போனார்கள்.

1973 செப்டம்பர் 22 அன்று கிசிங்கர் வெளியுறவு அமைச்சராகப் பதவியேற்றார். ஆலோசகர் நாற்காலியையும் விடவில்லை. இரண்டு பதவிகளையும் ஒரே நேரத்தில் வகித்த முதல் ஆள் அவர். சரியாக இரண்டு வாரத்தில் போர் வெடித்தது. (பிரதமரே வெளியுறவையும் கையில் வைத்திருந்த நேரு கால இந்தியாவை இதோடு ஒப்பிடத் தோன்றும். ஆனால் நேரு தன் பெயரிலேயே வாக்குக் கொடுக்கக் கூடியவர். கிசிங்கரிடம் இருந்த அதிகாரம் முழுதும் இன்னொருவரிடமிருந்து இரவல் வாங்கியது.)

வேண்டாத அதிகாரம்

அக்டோபர் 20 அன்று கிசிங்கர் மாஸ்கோவுக்குப் பறந்துகொண்டிருந்தபோது, நிக்சன் சோவியத் தலைவர் பிரெஷ்னேவுக்கு ஒரு செய்தி அனுப்பினார்: கிசிங்கருக்கு முழு அதிகாரம் தந்திருக்கிறேன் என்று. கேட்பவர்களுக்கு இது பெரிய கௌரவம். கிசிங்கருக்கோ கடும் எரிச்சல். பேச்சுவார்த்தை மேசையில் ஓர் அமைச்சரின் கையிலிருக்கும் மிகப் பயனுள்ள கருவி, 'இதை அதிபரிடம் கேட்க வேண்டும்' என்ற ஒரு வாக்கியம். அது யோசிக்க ஓர் இரவு வாங்கித் தரும். மறுப்பை மரியாதையாகச் சொல்லவும் உதவும். முழு அதிகாரம் உள்ளவர் அங்கேயே, அப்போதே ஆம் அல்லது இல்லை சொல்லியாக வேண்டும். அதே நாள் இரவு வாஷிங்டனில் தன்னையே சூழ்ந்திருந்த வாட்டர்கேட் ஊழல் வழக்கின் சிறப்பு வழக்கறிஞரை நிக்சன் நீக்கவைத்தார். அதற்கு உடன்படாத தலைமைச் சட்ட அதிகாரியும் அவருடைய துணையும் வெளியேறினார்கள். அதிபரின் கவனம் எங்கே இருந்தது என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

மாஸ்கோவில் கிசிங்கரும் சோவியத் வெளியுறவு அமைச்சர் குரோமிகோவும் எழுதிய வாசகம் அக்டோபர் 22 அன்று ஐ.நா. பாதுகாப்புக் குழுவில் 338-ஆம் தீர்மானமாக நிறைவேறியது. 12 மணி நேரத்துக்குள் சண்டை நிற்க வேண்டும். அந்த வாசகத்தில் ஒரு பெரிய ஓட்டை: நிற்கிற இடத்தில் நில்லுங்கள் என்கிறது, யார் எங்கே நிற்கிறார்கள் என்று பதிவு செய்யக் களத்தில் ஒருவரும் இல்லை. பார்வையாளர்களை அனுப்பும் ஏற்பாடு மறுநாள் வந்த 339-இல்தான் சேர்ந்தது.

திரும்பும் வழியில் இஸ்ரேலில் இறங்கிய கிசிங்கர், தான் விமானத்தில் இருக்கும் நேரத்தில் களத்தில் ஏதும் நடந்தால் வாஷிங்டன் பெரிதாகக் கூச்சலிடாது என்ற பொருள்படப் பிரதமர் கோல்டா மேயரிடம் பேசியது பின்னாளில் வெளியான குறிப்புகளில் இருக்கிறது. இஸ்ரேல் அந்தச் சில மணி நேர இடைவெளியைத் தாராளமாக எடுத்துக்கொண்டது. மூன்றாம் படையின் முற்றுகை முழுமையானது போர் நிறுத்தம் அறிவித்த பிறகுதான். அதன் தொடர்ச்சி தெரிந்ததே: தனியாகவே படை அனுப்பத் தயங்கமாட்டோம் என்று பிரெஷ்னேவ் எழுதினார், அக்டோபர் 24 நள்ளிரவில் கிசிங்கர் தலைமையில் வெள்ளை மாளிகையில் கூடியவர்கள் அமெரிக்கப் படைகளை உலகெங்கும் உயர் எச்சரிக்கை நிலைக்குக் கொண்டுபோனார்கள். நிக்சன் அந்த அறையில் இல்லை. இந்தத் தொழிலில் வாய்தவறிக் கொடுக்கும் அரை அனுமதி எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு இந்த இரண்டு நாட்கள் போதும். பிறகு கிசிங்கர் எதையும் இவ்வளவு தளர்வாக விட்டதில்லை.

முதல் ஆறு வரிகள்

நவம்பர் 7 அன்று கெய்ரோவில் எகிப்து அதிபர் அன்வர் சதாத்தைக் கிசிங்கர் முதன்முறையாகச் சந்தித்தார். 1967 போரிலிருந்து இரு நாடுகளுக்கும் முறையான தூதரக உறவே இல்லை. எகிப்தின் கோரிக்கை, இஸ்ரேல் அக்டோபர் 22 நிலைக்குத் திரும்ப வேண்டும் என்பது. அதைப் பிடித்துக்கொண்டு வாதாடினால் மாதங்கள் ஓடியிருக்கும். அந்தக் கோடு எங்கே என்பதிலேயே உடன்பாடு கிடையாது. மூன்றாம் படைக்குத் தண்ணீரும் உணவும் போகட்டும், கோட்டுப் பிரச்சினையைப் பெரிய படைவிலகலுக்குள் கரைத்துவிடலாம் என்பது கிசிங்கரின் யோசனை. சதாத் ஏற்றார்.

அதிலிருந்து வந்ததுதான் ஆறு அம்ச உடன்பாடு. போர் நிறுத்தத்தை இரு தரப்பும் மதிக்கும். அக்டோபர் 22 நிலைகள் பற்றிய பேச்சு படைவிலகல் என்ற சட்டகத்துக்குள் நடக்கும். சூயஸ் நகரத்துக்குத் தினமும் உணவு, நீர், மருந்து போகும், காயமுற்ற பொதுமக்கள் வெளியேறலாம். கிழக்குக் கரைக்குப் போகும் இராணுவம் சாராத சரக்குக்குத் தடை இல்லை. கெய்ரோ–சூயஸ் சாலையில் இஸ்ரேலியச் சோதனைச் சாவடிகள் இருக்கும் இடத்தில் ஐ.நா. சாவடிகள் வரும், அவை வந்தவுடன் எல்லாப் போர்க்கைதிகளும் பரிமாறப்படுவார்கள்.

இதில் கவனிக்க வேண்டியது ஐந்தாவது அம்சத்தின் வால். சாவடி ஐ.நா.வுடையது, ஆனால் சாலையின் சூயஸ் முனையில், சரக்கில் ஆயுதம் இல்லை என்று பார்க்க இஸ்ரேலிய அதிகாரிகளும் கலந்துகொள்ளலாம். சாலை தன் கட்டுப்பாட்டை விட்டுப் போகவில்லை என்று இஸ்ரேல் தன் மக்களிடம் சொல்லலாம். சாலையில் இஸ்ரேலியச் சாவடி இல்லை என்று எகிப்து சொல்லலாம். இரண்டும் பொய் இல்லை. கைதிப் பரிமாற்றத்தைச் சாவடி மாற்றத்தோடு பூட்டியதும் அதே கணக்கு: இஸ்ரேலுக்குத் தன் 240 பேர் அவசரம், எகிப்துக்குச் சாலை அவசரம். ஒன்று நகர்ந்தால்தான் மற்றது நகரும்.

நவம்பர் 11 அன்று கெய்ரோவிலிருந்து 101-ஆவது கிலோமீட்டரில், சாலையோரக் கூடாரத்தில், எகிப்தின் ஜெனரல் கமாஸியும் இஸ்ரேலின் ஜெனரல் அஹரோன் யாரிவும் கையெழுத்திட்டார்கள். அவர்கள் அதோடு நிற்கவில்லை. படைகள் எங்கே விலகலாம், யார் எத்தனை பேரை வைத்திருக்கலாம் என்று தாங்களே பேசி வெகுதூரம் போய்விட்டார்கள். இங்கே கிசிங்கரின் நடத்தை இன்றுவரை விவாதப் பொருள். கூடாரத்திலேயே எல்லாம் முடிந்துவிட்டால் டிசம்பரில் கூடவிருந்த ஜெனீவா அமைதி மாநாட்டில் பேச ஒன்றும் இருக்காது என்று அவர் இஸ்ரேலை மெதுவாகப் போகச் சொன்னார். நவம்பர் 29 அன்று பேச்சு முறிந்தது. இரண்டு தளபதிகள் நேருக்கு நேர் உட்கார்ந்து முடித்திருக்கக்கூடிய வேலையை நடுவர் தன் மேசைக்கு இழுத்துக்கொண்டார் என்ற குற்றச்சாட்டில் பாதியாவது நியாயம் உண்டு. ஆனால் அந்தத் தளபதிகள் பேசியதற்கு அவர்களுடைய அமைச்சரவைகள் கட்டுப்பட்டிருக்குமா என்ற மறுபாதியையும் கேட்க வேண்டும்.

ஜெனீவாவைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. டிசம்பர் 21 அன்று ஐ.நா. மாளிகையில் அமெரிக்காவும் சோவியத் யூனியனும் கூட்டுத் தலைமை ஏற்க மாநாடு கூடியது. சிரியாவின் இருக்கை காலி. உரைகள் முடிந்ததும் கலைந்தது. அது கொடுத்தது ஒரு குடை. இனி நடக்கும் எந்தத் தனிப் பேச்சையும் 'ஜெனீவாவின் பணிக்குழு' என்ற பெயரில் நடத்தலாம். சோவியத்துக்கும் பங்கு இருப்பதாகக் காட்டலாம். குரோமிகோவுக்கு அந்தப் பங்கு காகிதத்தோடு முடிந்தது.

அஸ்வானில் ஒரு வாரம்

1974 ஜனவரி 11 அன்று கிசிங்கர், சதாத் தங்கியிருந்த தெற்கு எகிப்திய நகரமான அஸ்வானில் இறங்கினார். முன்வாரம் வாஷிங்டன் வந்த இஸ்ரேலியப் பாதுகாப்பு அமைச்சர் மோஷே தயான் ஒரு வரைபடம் தந்திருந்தார்: கால்வாய்ப் பகுதியை வடக்குத் தெற்காக ஐந்து பட்டைகளாகப் பிரிப்பது. நடுப்பட்டை ஐ.நா.வுக்கு, அதன் இருபுறமும் இரு தரப்பும் குறைந்த படை வைக்கும் பட்டைகள், அவற்றுக்கும் அப்பால் ஏவுகணைகளுக்கு வரம்பு உள்ள பட்டைகள். கொள்கையளவில் சில வரிகளை உடன்பட்டுக்கொண்டு விவரங்களை ஜெனீவாவுக்குத் தள்ளலாம் என்பதுதான் வந்தபோது இருந்த திட்டம். சதாத், இங்கேயே இருந்து முடித்துவிட்டுப் போங்கள் என்றார். அடுத்த ஏழு நாட்களில் அமெரிக்க விமானப் படையின் போயிங் 707 அஸ்வானுக்கும் இஸ்ரேலுக்கும் இடையே பேருந்து போல ஓடியது.

நடைமுறை இப்படி. அஸ்வானில் முதலில் சதாத்தோடு தனியாக. பிறகு வெளியுறவு அமைச்சர் இஸ்மாயில் ஃபஹ்மி, கமாஸி ஆகியோரோடு. விமானத்தில் ஜோசஃப் சிஸ்கோ, ஹெரால்ட் சாண்டர்ஸ், ராய் ஆதர்ட்டன் முதலிய அதிகாரிகள் அன்றைய பேச்சை வாசகமாக எழுதுவார்கள். இறங்கி ஜெருசலேம் போனால், மேயர் நோயில் படுத்திருந்ததால், துணைப் பிரதமர் யிகால் அல்லோன், தயான், வெளியுறவு அமைச்சர் அப்பா எபன், தலைமைத் தளபதி எலாசார் அடங்கிய குழுவோடு மணிக்கணக்கில் உட்கார வேண்டும். கெய்ரோவில் ஒருவர் முடிவெடுத்தால் போதும்; ஜெருசலேமில் ஒரு கூட்டணி அமைச்சரவையே சம்மதிக்க வேண்டும். ஆகவே அங்கே நேரம் இரட்டிப்பாகும். இரவில் நாளின் சுருக்கம் வெள்ளை மாளிகைத் தொடர்பு வழியாக, ஆலோசகர் நாற்காலியின் பொறுப்பைப் பார்த்துக்கொண்டிருந்த பிரென்ட் ஸ்கோகிராஃப்ட்டுக்குத் தந்தியாகப் போகும்; அவர் நிக்சனிடம் கொண்டுபோவார். விமானத்தின் பின்பகுதியில் இருந்த பத்திரிகையாளர்களுக்கு 'உடன் பயணிக்கும் மூத்த அதிகாரி' என்ற பெயரில் சில செய்திகள் கசியும். அந்த மூத்த அதிகாரி யார் என்று எல்லோருக்கும் தெரியும்.

இதை ஏன் தூதர்கள் செய்திருக்க முடியாது? கெய்ரோவில் அப்போது அமெரிக்கத் தூதரே இல்லை. உறவு முறையாக மீண்டது 1974 பிப்ரவரி 28 அன்று. அதைவிட முக்கியமான காரணம், அமைச்சர் காத்துக்கொண்டிருக்கிறார் என்பதே ஓர் அழுத்தம். தூதருக்கு 'அடுத்த வாரம் சொல்கிறோம்' என்று சொல்லலாம். வெளியே விமானத்தை நிறுத்திவைத்துவிட்டு உட்கார்ந்திருக்கும் அமைச்சரிடம் அப்படிச் சொன்னால், முறிவுக்குக் காரணம் யார் என்று மறுநாள் உலகம் கேட்கும்.

சிக்கல் கோட்டில் வரவில்லை, எண்ணிக்கையில் வந்தது. கால்வாயின் கிழக்கில், தன் சொந்த மண்ணில், எத்தனை வீரர்கள், எத்தனை டாங்கிகள் வைக்கலாம் என்று எகிப்து இஸ்ரேலிடம் கையெழுத்துப் போட்டுக் கொடுக்க முடியுமா? எந்த எகிப்தியத் தலைவருக்கும் அது அரசியல் தற்கொலை. எண்ணிக்கை எழுத்தில் இல்லாமல் பின்வாங்க இஸ்ரேலாலும் முடியாது.

தீர்வு இது. படைவிலகல் ஒப்பந்தம் என்ற பகிரங்க ஆவணத்தில், குறைந்த ஆயுதமும் படையும் உள்ள பகுதி என்று மட்டும் இருக்கும். எண்கள் 'அமெரிக்க யோசனை' என்ற தனி ஆவணத்தில் வரும். அதை அமெரிக்க அதிபர் சதாத்துக்கும் மேயருக்கும் தனித்தனியே அனுப்புவார். ஒவ்வொருவரும் அதை ஏற்பதாக அமெரிக்காவிடம் கையெழுத்திட்டுத் தருவார்கள். எகிப்து இஸ்ரேலுக்கு எதையும் விட்டுக்கொடுக்கவில்லை. ஓர் அமெரிக்க யோசனையை ஏற்றது, அவ்வளவே. கால்வாயைத் தூர்வாரித் திறப்பது, கரையோர நகரங்களைக் கட்டி மக்களைக் குடியேற்றுவது பற்றிய சதாத்தின் உறுதியும் இப்படியே அமெரிக்கா வழியாக இஸ்ரேலை அடைந்தது. கரையில் குடிமக்கள் வாழ்ந்தால் எகிப்து அங்கே மீண்டும் போர் தொடங்கத் தயங்கும் என்பது இஸ்ரேலின் கணக்கு.

கிழக்குக் கரையில் எகிப்துக்கு 8 பட்டாலியன், 7,000 வீரர்கள், 30 டாங்கிகள், குறுகிய தூரப் பீரங்கிகள் 36. அதே அளவு வரம்பு இஸ்ரேலியப் பட்டைக்கும். எகிப்தியக் கோட்டிலிருந்து மேற்கே 30 கி.மீ.க்குள் விமான எதிர்ப்பு ஏவுகணை கூடாது. இஸ்ரேல் மேற்குக் கரையை முழுதும் காலிசெய்து, கால்வாய்க்குக் கிழக்கே சுமார் 20 கி.மீ. தள்ளி, மிட்லா, கிடி கணவாய்களைத் தன் முதுகுக்குப் பின்னால் வைத்து நிற்கும். 30 டாங்கி என்று கேட்டபோது கமாஸி கண் கலங்கி எழுந்து போனார். நூற்றுக்கணக்கான டாங்கிகளைக் கால்வாய் கடத்தியவர் அவர். சதாத் ஏற்றுக்கொண்டார். டாங்கியின் எண்ணிக்கையை அவர் போர்க்களத் தளவாடமாகப் பார்க்கவில்லை. வேண்டுமென்றால் ஓர் இரவில் கால்வாயைக் கடத்திவிடலாம், இப்போதைக்கு வாஷிங்டனை நம் பக்கம் இழுப்பதுதான் வேலை என்பது அவர் எடுத்த முடிவு. தளபதி சொல்வதும் அரசியல் தலைவர் சொல்வதும் வேறுபட்டால் நடுவர் யாரிடம் பேச வேண்டும் என்பதை முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். கிசிங்கர் அஸ்வானில் முதலில் சதாத்தைத் தனியாகப் பார்த்ததன் பலன் இது.

ஜனவரி 18 அன்று அதே 101-ஆவது கிலோமீட்டரில் கமாஸியும் எலாசாரும் கையெழுத்திட்டார்கள். மார்ச் முதல் வாரத்துக்குள் படைகள் விலகி முடித்தன. மார்ச் 18 அன்று பெரும்பாலான அரபு நாடுகள் அமெரிக்கா மீதான எண்ணெய்த் தடையை நீக்கின.

டமாஸ்கஸ்: அதே கருவி, வேறு ஆள்

சிரியாவில் எல்லாம் எதிர்மாறு. சதாத் பெரிய முடிவைச் சட்டென எடுத்துவிட்டு விவரங்களை மற்றவர்களிடம் விடுவார். சிரிய அதிபர் ஹஃபீஸ் அல் அசாத் ஒவ்வொரு மீட்டருக்கும் பேரம் பேசுவார். முடிவை எடுக்கும் முன் தன் சகாக்களை ஒவ்வொருவராகக் கரைப்பார். சினாயில் பாலைவனம் உண்டு, 20 கி.மீ. விட்டுக்கொடுத்தாலும் மணல்தான். கோலன் குன்றுகளின் அகலமே அவ்வளவுதான். அதன் மேல் இஸ்ரேலியக் குடியிருப்புகள் வேறு.

தொடங்கவே ஒரு சாவி தேவைப்பட்டது. சிரியாவிடம் இருந்த போர்க்கைதிகளின் பெயர்ப் பட்டியல் கிடைக்காமல் பேசமாட்டோம் என்றது இஸ்ரேல். பிப்ரவரி இறுதியில் 65 பெயர்கள் கொண்ட பட்டியலைக் கிசிங்கர் கொண்டுவந்து மேயரிடம் கொடுத்தார். முக்கியப் பயணம் ஏப்ரல் இறுதியில் தொடங்கி மே கடைசி வரை, ஒரு மாதத்துக்கு மேல் இழுத்தது. மேயர் ஏப்ரலிலேயே பதவி விலகல் அறிவித்து இடைக்காலப் பிரதமராக இருந்தார். மே 15 அன்று மாலோத் பள்ளியில் பாலஸ்தீன ஆயுதக் குழுவின் தாக்குதலில் மாணவர்கள் இறந்தார்கள். பேச்சு நின்று, மீண்டும் தொடங்கியது.

பேரத்தின் முடிச்சு குனைத்ரா என்ற ஒரு சிதைந்த ஊரும் அதை ஒட்டிய குன்றுகளும். அசாத்துக்கு 1967-இல் இழந்த மண்ணில் ஒரு துண்டாவது திரும்ப வேண்டும், அது பெயருள்ள ஊராக இருக்க வேண்டும். இஸ்ரேல் ஊரைத் தரத் தயார், மேற்கே உள்ள குன்றுகளைத் தராது. அவற்றின் அடிவாரத்தில் அதன் வயல்கள். ஊர் சிரியச் சிவில் நிர்வாகத்துக்கு. குன்றுகள் இஸ்ரேலிடம், ஆனால் அங்கிருந்து ஊருக்குள் சுடக்கூடிய ஆயுதங்களை வைக்கக் கூடாது. இந்தக் கடைசி வரம்பும் ஒரு அமெரிக்கக் கடிதத்தில்தான் வந்தது. நடுவில் 1,250 பேர் கொண்ட ஐ.நா. படை. சிரியா 'பார்வையாளர்கள்' மட்டும் போதும் என்றது. இஸ்ரேல் 'படை' வேண்டும் என்றது. இரண்டு சொல்லும் பெயரில் இடம்பெற்றன. இரு பக்கமும் முதல் 10 கி.மீ.க்கு 6,000 வீரர்கள், 75 டாங்கிகள், 36 பீரங்கிகள் வரம்பு. ஏவுகணை 25 கி.மீ.க்கு அப்பால். மே 31 அன்று ஜெனீவாவில் கையெழுத்தானது.

அமைச்சர் ஒரு மாதம் வெளியே இருந்தால் மற்ற உலகம் காத்திருக்காது. மே 18 அன்று இந்தியா பொக்ரானில் அணுகுண்டுச் சோதனை நடத்தியபோது கிசிங்கர் டமாஸ்கஸுக்கும் ஜெருசலேமுக்கும் நடுவே இருந்தார். துறை அதிகாரிகள் கடுமையான கண்டனத்துக்குத் தயாரானார்கள். நடந்து முடிந்ததைத் திட்டிப் பயனில்லை என்று கருதிய அவர் குரலைத் தணிக்கச் சொன்னார். நிதானமாக எடுத்த முடிவா, வேறு வேலை மும்முரத்தில் எடுத்ததா என்று இன்றும் வாதிடலாம். துறையின் மேற்காசிய வல்லுநர்கள் எல்லோரும் ஒரே விமானத்தில், எல்லா முடிவும் ஒரே தலையில். அந்த அமைப்பின் பலவீனம் அதுதான்.

1975 மார்ச்: உடைந்த இடம்

அடுத்த சினாய் ஒப்பந்தத்துக்காக 1975 மார்ச்சில் அதே விமானம், அதே அஸ்வான், அதே அதிகாரிகள். இரண்டு வாரம் பறந்தும் ஒன்றும் ஆகவில்லை. கணவாய்களையும் அபு ருதெய்ஸ் எண்ணெய் வயல்களையும் தர வேண்டுமென்றால் எகிப்து 'போர் நிலை முடிந்தது' என்று அறிவிக்க வேண்டும் என்றது புதிய பிரதமர் ராபினின் அரசு. பலத்தை நாட மாட்டேன் என்பதற்கு மேல் சதாத் போகவில்லை. மற்ற அரபு மண் எல்லாம் ஆக்கிரமிப்பில் இருக்கையில் போர் நிலை முடிந்ததென்றால் அரபு உலகில் அவர் தனிமைப்பட்டுவிடுவார். மார்ச் 23 அன்று கிசிங்கர் வெறுங்கையோடு கிளம்பினார்.

காரணங்களில் ஒன்று வெளிப்படை. முதல் தடவை இரு தரப்புக்கும் நேரம் எதிரியாக இருந்தது: முற்றுகையில் படை, களத்தில் ரிசர்வ் வீரர்கள். 1975-இல் யாருக்கும் அவசரமில்லை, காத்திருந்தால் நஷ்டமில்லை. இன்னொன்று, ராபின், பெரெஸ், அல்லோன் மூவரும் ஒருவர் மீது ஒருவர் கண் வைத்திருந்த அமைச்சரவை. எந்த விட்டுக்கொடுப்பும் மற்ற இருவருக்கும் ஆயுதம். இரவல் அதிகாரத்தின் எல்லையும் தெரிந்தது. நிக்சன் இடத்தில் ஃபோர்டு வந்து ஏழு மாதமே ஆகியிருந்தது. அமெரிக்கக் கொள்கையை 'மறுபரிசீலனை' செய்கிறோம் என்று ஃபோர்டு அறிவித்து ஆயுத உதவியில் கைவைக்க முனைந்தபோது, மே மாதம் 76 செனட்டர்கள் இஸ்ரேலுக்கு ஆதரவாக அதிபருக்குக் கடிதம் எழுதினார்கள். நடுவருக்குப் பின்னால் நின்ற அரசே இரண்டாகப் பிளந்து நின்றதை ஜெருசலேமும் கெய்ரோவும் பார்த்தன.

ஆகஸ்டில் மீண்டும் முயன்று வெற்றி பெற்றபோது மாறியிருந்தது விலை. கணவாய்ப் பகுதியின் கண்காணிப்பு நிலையங்களில் 200 வரை அமெரிக்கச் சிவிலியன்கள் உட்காருவார்கள் என்ற யோசனை புதிது. அதற்கு அமெரிக்க நாடாளுமன்றம் அக்டோபரில் ஒப்புதல் தந்தது. எகிப்தின் வரம்பு 8,000 வீரர்கள், 75 டாங்கிகள், 72 பீரங்கிகளாக உயர்ந்தது. இஸ்ரேல் கணவாய்களையும் எண்ணெய் வயலையும் விட்டது. செப்டம்பர் 4 அன்று ஜெனீவாவில் கையெழுத்து. சூயஸ் கால்வாயைச் சதாத் ஜூன் 5 அன்றே திறந்துவிட்டிருந்தார். எட்டு ஆண்டுகளாக நன்னம்பிக்கை முனையைச் சுற்றிவந்த பம்பாய், கொழும்புச் சரக்குகள் மீண்டும் செங்கடல் வழி போயின.

பகிரங்க ஒப்பந்தத்தைவிடத் தடிமனாக இருந்தது இஸ்ரேலுக்கு அமெரிக்கா தந்த பக்க உறுதிகளின் கட்டு: ஆயுதம், எண்ணெய், ஐ.நா.வில் ஆதரவு. அதில் ஒன்று, பாலஸ்தீன விடுதலை இயக்கம் இஸ்ரேலின் இருப்புரிமையையும் ஐ.நா. பாதுகாப்புக் குழுவின் 242, 338 தீர்மானங்களையும் ஏற்காதவரை அமெரிக்கா அதை அங்கீகரிக்காது, அதோடு பேச்சு நடத்தாது என்பது. ஒரு கோடை மாதப் பேரத்தை முடிக்க எழுதிய அந்த வரி அடுத்து வந்த நான்கு வெளியுறவு அமைச்சர்களின் கையைக் கட்டியது. 1979 ஆகஸ்டில், அந்த இயக்கத்தின் ஐ.நா. பார்வையாளரைச் சந்தித்த விவகாரத்தில் அமெரிக்க ஐ.நா. தூதர் ஆண்ட்ரூ யங் பதவி இழந்தார். கட்டு அவிழ்ந்தது 1988 டிசம்பரில், ஜார்ஜ் ஷுல்ட்ஸ் காலத்தில்.

1975 நவம்பர் 3 அன்று ஃபோர்டு கிசிங்கரிடமிருந்து ஆலோசகர் நாற்காலியை எடுத்து ஸ்கோகிராஃப்ட்டிடம் கொடுத்தார். அதன் பிறகு 2025-இல் மார்கோ ரூபியோ வரும்வரை எந்த அமைச்சருக்கும் இரண்டும் சேர்ந்து கிடைக்கவில்லை. கார்ட்டர் காலத்தில் சைரஸ் வான்ஸ், ஆலோசகர் பிரெசின்ஸ்கியோடு மல்லுக்கட்டி, ஈரான் பணயக்கைதிகளை மீட்க இராணுவ நடவடிக்கை எடுத்ததை ஏற்காமல் 1980 ஏப்ரலில் விலகினார். சினாயில் அமெரிக்கச் சிவிலியன்கள் 1982 வரை இருந்தார்கள். கோலனில் 1974-இல் வரைந்த கோட்டில் ஐ.நா. படை ஆறு மாதத்துக்கு ஒருமுறை நீட்டிப்புப் பெற்று நின்றது. 2024 டிசம்பரில் டமாஸ்கஸில் பஷார் அல் அசாத்தின் ஆட்சி கவிழ்ந்தபோது, அந்த ஒப்பந்தம் செல்லாது போய்விட்டது என்று அறிவித்து இஸ்ரேலியப் படை இடைப்பட்ட பகுதிக்குள் நுழைந்தது.